சுடலை அடித்ததா, மருந்து அடித்ததா?

சாத்தான்குளம் பக்கத்தில் உச்சிவேளையில் முருங்கைக்கு மருந்தடிக்கும் கூலியாள் வாயில் நுரைதள்ளி விழுந்தால், "சுடலைமாடன் அடித்துவிட்டான்" என்று மந்திரவாதியைத் தேடி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடனுக்குக் கூலிக்காரன் மீது மட்டுந்தானா கோபம்? விஷத்தை விற்றவனையும் தோட்டக்காரரையும் அவன் ஏன் அடிப்பதில்லை? (விஷத்துக்கு "மருந்து" என்று பெயரிட்டதே முதற் பித்தலாட்டம்.)

ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, ஒழுகும் எச்சில், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகிய இவை ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தின் குறிகள். அதற்கு முறிமருந்து அட்ரோபின், திருநீறல்ல. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கோ முறிமருந்தே கிடையாது. ஆகவே எந்த டப்பா என்பது டாக்டருக்கு உடனே தெரியவேண்டும். டப்பாச் சீட்டைப் படம்பிடிக்கவும், குறிகளைச் சரிபார்க்கவும், மேலிடத்துக்கு அறிவிக்கவும் செல்போனில் ஒரு செயலி போதும். நமது ஜனங்களோ அதே செல்போனில் இராகுகாலம் பார்க்கிறார்கள்!

நிற்க, 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து 20 பேருக்குமேல் மாண்டார்கள். கூட்டமாய்ச் செத்ததால் செய்தியாயிற்று. தனியாய்ச் சாகிறவனுக்கு "மயக்கம்" என்று எழுதிவிட்டால் அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். விஷபாதையைக் கண்டவர் அறிவித்தே தீரவேண்டுமென உத்தரவிட, 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26வது பிரிவு மாநில சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக்கொண்டு, கிராமத்து ஆஸ்பத்திரி வரையில் ஒவ்வொரு டாக்டரும் அன்றன்றே செயலியில் பதியும்படி சர்க்கார் செய்யட்டும்.