நிதிப் படிப்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு நம்மிடம் வந்தார். அவருடைய மகளுக்குக் கெடா மாநிலம் சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பாடம் நிதியியல். "கிராணி ஐயா, இது வட்டிக்கு விடுற படிப்புன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. டீச்சர் வேலைக்குப் படிக்க வைக்கலாம்னு நெனச்சிருந்தோம். இப்ப இவளைப் போகச் சொல்றதா, வேணாங்கிறதா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே போல் ஒரு பையன் இதே பாடத்தைப் பற்றிக் கேட்டு வந்தபோது, "தம்பி, கணக்கியல் படி. பேரேடு பார்க்கத் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் சோறு உண்டு. நிதியியல் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பது" என்று பெரிய மனிதர் போலச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அவன் கணக்கியல் படித்து ஜொகூர் பாருவில் நல்ல வேலையில் இருக்கிறான், அவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் நாம் சொன்ன காரணம் அறியாமையால் வந்தது. அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதே அன்று நமக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் படித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிக்கும் நாம், பிறகு அந்தப் பாடநூல்களை இரவல் வாங்கி ராத்திரிகளில் புரட்டிப் பார்த்தோம். பார்த்த பிறகு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கணக்கியலுக்கும் நிதியியலுக்கும் உள்ள பேதத்தை நம் தோட்டத்து வழக்கத்தில் சொல்லலாம். செக்ரோல் எழுதுவதும், நிறுத்த பாலுக்குக் கணக்கு வைப்பதும், மாத முடிவில் செலவைக் கூட்டுவதும் கணக்கியல். பணம் எங்கே போயிற்று என்பதை அது சொல்லும். இந்தப் பணத்தை இங்கே போடலாமா, வேறிடத்தில் போடலாமா, இன்று போட்டால் என்றைக்குத் திரும்பி வரும், வராமல் போனால் யார் தலையில் விழும் என்று கேட்பது நிதியியல். முதல் வேலையைக் கிராணி செய்கிறார். இரண்டாவது வேலை நடக்கும் அறைக்குள் கிராணியை விடுவதில்லை. துரையைக்கூட எப்போதும் விடுவதில்லை.

ஓர் உதாரணம். நம் ஜொகூரில் குளுவாங் பக்கமும் கூலாய் பக்கமும் பால்மரம் நின்ற மலைகளில் செம்பனை நிற்பதைப் பார்க்கிறோம். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், ரப்பர் விலை விழுந்தது, வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். அதுவும் மெய்தான். அதற்கு அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பால்மரம் நட்டால் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு ஆகும். செம்பனை மூன்றாம் ஆண்டில் குலை தள்ளும். எட்டு சதவிகித வட்டியில் பார்த்தால், ஏழாண்டு கழித்து வரும் 100 வெள்ளிக்கு இன்றைய மதிப்பு 58 வெள்ளி. மூன்றாண்டு கழித்து வரும் அதே 100 வெள்ளிக்கு 79 வெள்ளி. காலம் போகப் போகக் காசு இளைக்கும் என்ற இந்தப் பாடத்தைத்தான் முதல் ஆண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வெட்டிய நிரைகளை டிராக்டர் தள்ளியபோது நாம் விலைவாசியைத் திட்டிக்கொண்டு நின்றோம். இந்தப் பெருக்கல் வகுத்தலை எங்கோ ஓர் அறையில் ஒருவர் போட்டு முடித்திருந்தார்.

நம் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறோம். பக்கத்துப் பட்டணத்துக் கடையொன்றில் 6,000 வெள்ளிக் கடனில் மோட்டார் சைக்கிள் எடுத்தோம். "எட்டுப் பர்சென்ட்தான் அண்ணே, மூணே வருஷம்" என்றார் கடைக்காரத் தம்பி. மொத்த வட்டி 1,440. மாதம் 206 வெள்ளி 67 காசு. நாமும் கிராணியல்லவா, பெருக்கிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டோம். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு ஆறாயிரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை. பிறகு பாடநூலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மெய்யான வட்டி ஆண்டுக்குப் பதினாலரை சதவிகிதம்! கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நமக்குக் கேட்கத் தெரியவில்லை. செக்ரோலில் பத்துக் காசு வித்தியாசம் வந்தால் தூங்காத கிராணிக்கே இந்தக் கதி என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்று கத்தி பிடித்தவருக்கு என்ன கதி?

வட்டிக்கு விடுகிற படிப்பு என்ற பேச்சு எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரியும். மலாயாவில் பணத்தொழில் என்றாலே செட்டியார் கிட்டங்கிதான் நம் பெரியவர்கள் நினைவுக்கு வரும். அவர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும், ஒரு விஷயத்தை மறுப்பதற்கில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலை அவர்கள் இளமையிலேயே கற்றுக்கொடுத்தார்கள். பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தினான். அதே காலத்தில் அதே கப்பலில் வந்த நம் பாட்டன்மார் பிள்ளைகளுக்குக் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வேறு எதைக் கற்றுக்கொடுக்க அவர்களை விட்டார்கள்?

பணத்தொழில் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணுகிறவர் தம் சேமநிதி அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி ஊழியர் சேமநிதிக்குப் போகிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அந்த நிதி, நம் பணத்தைக் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் போடுகிறது. பெரிய தோட்டக் கம்பெனிகளின் பங்குகளும் அவற்றில் உண்டு. 2024ஆம் ஆண்டுக்கு 6.30 சதவிகிதம் ஈவு கொடுத்தார்கள். தோட்டத்தில் கூலியாகவும், தோட்டத்துப் பங்கில் ஒரு துளியாகவும் நாம் இரண்டு பக்கத்திலும் நிற்கிறோம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

1981 செப்டம்பர் 7ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், நம் நாட்டு பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. தலைமுறைக் கணக்கில் வெள்ளைக்காரர் கையில் இருந்த கம்பெனி, ஒரு காலை வேளையில், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் நாட்டுக்கு வந்தது. அதைச் செய்தவர்கள் பட்டாளத்தார் அல்லர், நிதி படித்தவர்கள். நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் அதே பெயர்களைத்தான் கூப்பிட்டார்கள், கூலியும் அதே கூலிதான். கைமாறிய தோட்டத்தில் வேலை செய்தவனுக்குத் தன் தோட்டம் கைமாறியதே பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது. (கத்ரி என்ற அந்தப் பெயர் 2024இல் எஸ்.டி. கத்ரி என்று மறுபடியும் பலகை ஏறியிருக்கிறது.)

தொழிலாளியே பணம் போட்டுத் தோட்டம் வாங்கிய கதையும் நம்மிடம் உண்டு. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறிய காலம் அது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டச் சொன்னார். கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தத் தலைமுறைக்குப் பட்டமும் இல்லை, பாடநூலும் இல்லை; சிறுதுளியைச் சேர்த்து நிலமாக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

அதே நம்பிக்கையை 1984இல் மைக்கா ஹோல்டிங்ஸ் கேட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஏழைகள். 2010இல் அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ள முன்வந்தபோது பேசப்பட்ட விலை பங்குக்கு 80 காசு. ஒரு வெள்ளியை ஐந்து சதவிகிதத்தில் 26 ஆண்டு சும்மா வைத்திருந்தால் மூன்றரை வெள்ளி ஆகியிருக்கும். இடையில் ஈவு ஏதும் பெற்றவர் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளட்டும். யார் குற்றம் என்று இங்கே விசாரிக்கப் போவதில்லை. அதைப் பேசிப் பேசி வாய் வலித்தவர்கள் பலர். நாம் கேட்பது வேறு. அத்தனை ஆயிரம் பங்குதாரர்களில், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஐந்தொகையின் இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூடியவர் எத்தனை பேர்? ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், இருபத்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா?

"படிச்சவங்கதானே எல்லாத்தையும் கெடுத்தாங்க" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொல்வதில் பாதி நியாயம். படித்தவன் கெடுத்தான் என்றால், கெடுப்பதைக் கண்டுபிடிக்கவும் படித்தவன்தானே வேண்டும் என்றோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இதற்காக எல்லாரும் ஓடிப்போய் நிதியியலில் சேருங்கள் என்று நாம் முரசு கொட்டவில்லை. கணக்கைக் கண்டால் கசக்கிற பிள்ளைக்கு இது ஆகாது. புள்ளிவிவரமும் பொருளாதாரமும் பிழிந்தெடுக்கும், பாடநூல் ஆங்கிலத்தில்தான். பட்டம் வாங்கியதும் பேங்கு மேனேஜர் நாற்காலி காத்திருக்கும் என்று நினைப்பதும் தவறு. பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் கமிஷனுக்கு இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டு, முதலில் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பார்க்கிறோம். டை கட்டியிருந்தாலும் அது காடு வெட்டுக் கூலி மாதிரிதான். விற்றால் உண்டு, விற்காவிட்டால் இல்லை. இதைவிடப் பெரிய அபாயம் பட்டணத்துத் தனியார் கல்லூரிகளின் வண்ண விளம்பரம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளையை, எந்தப் பாடம், யார் அங்கீகாரம் என்று விசாரிக்காமல், பெருங்கடன் வாங்கி அங்கே சேர்ப்பவர்கள் உண்டு. பி.டி.பி.டி.என். கடனும் கடன்தான், பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். கடனைப் பற்றிப் படிக்கப் போகிற பிள்ளை முதலில் தன் கடன் பத்திரத்தைப் படிக்கட்டும்.

நம் கண் முன்னே நிற்பது சங்கத்தின் தேவை. சம்பள ஒப்பந்தம் பேசப் போகும்போது முதலாளிமார் பக்கத்தில் காகிதக் கட்டோடு வருகிறார்கள். விலை இறங்கிவிட்டது, செலவு ஏறிவிட்டது, கொடுக்க வழியில்லை என்று அட்டவணை காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, தொண்டையும் இருக்கிறது. அந்த அட்டவணையில் இலாபம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது, தேய்மானம் என்று எழுதியதில் எவ்வளவு மெய், நிலத்தின் மதிப்பை எந்த ஆண்டு விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்ட ஆள் இல்லை. வெளியிலிருந்து கூலிக்கு ஆள் பிடிக்கலாம். பிரட்டுச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்த பிள்ளை அந்த வேலையைச் செய்தால் அது வேறு மாதிரி இருக்கும்.

அந்தத் தாயிடம், "போகச் சொல்லுங்கம்மா" என்றோம். ஏன் என்று கேட்டார். மேலே எழுதியதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னோம். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்று சிரித்தார். "அவ்வளவு தூரத்துக்குப் பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புறது?" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. ஜொகூரிலிருந்து சிந்தோக் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அந்தக் கவலைக்குப் பாடநூலில் பதில் இல்லை. தோட்டத்து மாதர்கள் சிலர் சேர்ந்து பஸ் செலவுக்கும் போர்வைக்கும் கொடுத்தார்கள். தகப்பனார் கூடவே போய் விட்டுவிட்டு, மறுநாள் இரவே திரும்பி, அடுத்த காலையில் வெட்டுக்கு வந்துவிட்டார்.

புறப்படுவதற்கு முன்தினம் அந்தப் பெண் ஆபீஸுக்கு வந்தாள். "அண்ணா, நம்ம கம்பெனி ஆண்டறிக்கை ஒண்ணு இருந்தா குடுங்க, விடுமுறையில வர்றப்போ படிச்சுப் பார்க்கிறேன்" என்று கேட்டாள். நம்மிடம் இல்லை. இத்தனை ஆண்டு அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தும், அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. இந்த வாரம் கிளையின் பெயரில் எழுதிக் கேட்டிருக்கிறோம்.