வாங்கிய கேம் நாளைக்கும் இயங்குமா?

லினக்ஸ் சிஸ்டத்தில் கேம்ஸ் விளையாட முடியாது என்பது பல ஆண்டுகளாக நம்மிடையே இருந்து வந்த எண்ணம். லினக்ஸைப் பாராட்டி எழுதுபவர்கள்கூட, "கேம்ஸ் வேண்டும் என்றால் விண்டோஸையும் வைத்துக் கொள்ளுங்கள்" என்றுதான் முடிப்பார்கள். 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த ஸ்டீம் டெக் இந்த எண்ணத்தைப் பெரிதும் மாற்றிவிட்டது. 7 அங்குலத் திரை, 16 ஜி.பி. ராம் கொண்ட இந்தக் கையடக்கக் கம்ப்யூட்டரில் இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ். ஆனால், அதில் விளையாடப்படும் கேம்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை.

அப்படியும் சில பிரபலமான கேம்கள் இதில் இயங்குவதில்லை. சில கேம்கள் நேற்று வரை இயங்கி, இன்று நின்றுவிடுகின்றன. உடனே பழைய பல்லவி தொடங்கிவிடுகிறது: "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்." இந்தத் தீர்ப்பு சரியல்ல. இன்றைய பெரிய பிரச்னை லினக்ஸின் திறமையில் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய கேமின் கதவைப் பின்னொரு நாளில் மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் கேம் எப்படி இயங்குகிறது?

2015-ல் வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு கேமையும் அதன் நிறுவனமே லினக்ஸுக்கு மாற்றித் தர வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் குறைவு என்பதால் நிறுவனங்கள் மாற்றித் தரவில்லை. கேம்கள் குறைவு என்பதால் வாடிக்கையாளர்களும் வரவில்லை. அந்த முயற்சி தோல்வியில் முடிந்தது.

2018 ஆகஸ்டில் வெளியான புரோட்டான் வேறு வழியில் சென்றது. 1993-ல் தொடங்கப்பட்ட வைன் என்ற திட்டத்தின் மேல் கட்டப்பட்டது இது. கேம் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொரு வேலையையும் புரோட்டான் வாங்கி, லினக்ஸ் மூலம் முடித்துத் தருகிறது. கேமின் டைரக்ட் எக்ஸ் கட்டளைகளை டி.எக்ஸ்.வி.கே. என்ற சாப்ட்வேர், வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்று பேசுவது போல என்று வைத்துக் கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு என்றால் சில இடங்களில் இடறத்தான் செய்யும். சில கேம்களில் கதைக் காட்சிக்கான வீடியோ ஓடாமல், டி.வி. சோதனை ஓட்டத்தில் வருவது போன்ற வண்ணப் பட்டைகள் தெரியும். சிலவற்றில் எழுத்துகள் சிறிய திரையில் படிக்க முடியாத அளவில் இருக்கும். சிலவற்றில் கேமுக்கு முன் அதன் நிறுவனத்தின் தனி லாஞ்சர் திறந்து, பாஸ்வேர்ட் கேட்டு வழிமறிக்கும். இவை எரிச்சல் தருபவைதான். ஆனால், வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுப்பதாலோ, அடுத்த அப்டேட்டாலோ இவற்றில் பல தீர்ந்துவிடுகின்றன. 2022-ல் எல்டன் ரிங் வெளிவந்தபோது, கேம் நடுவில் தடைபட்டு இயங்குவதாக விண்டோஸ் பயனாளர்கள் குறை கூறினர். ஸ்டீம் டெக்கில் அந்தத் தடையைக் குறைக்கும் திருத்தத்தை வால்வ் புரோட்டானிலேயே சேர்த்தது. ஆக, தொழில்நுட்பக் குறை என்றால் அதற்கு மருந்து உண்டு.

மருந்து இல்லாத நோய்

மருந்து இல்லாதது ஆன்டி சீட் என்னும் காவல் சாப்ட்வேரில் வரும் தடை. ஆன்லைன் கேம்களில் ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிப்பது இதன் வேலை. இவற்றில் பல, விண்டோஸின் உயிர்நாடியான கெர்னலுக்குள் இறங்கி அமர்ந்து கொள்கின்றன. லினக்ஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கெர்னலே கிடையாது. பிறகு எங்கே அமர்வது?

இதற்கும் 2021 செப்டம்பரில் ஒரு வழி பிறந்தது. ஈஸி ஆன்டி சீட், பேட்டில் ஐ என்ற இரண்டு முக்கிய சாப்ட்வேர்களும் புரோட்டானில் இயங்கும் வசதியை அறிவித்தன. ஆனால், அந்த வசதியை இயக்க வேண்டியது கேம் நிறுவனம்தான். இயக்க விருப்பமில்லை என்றால் பயனாளர் என்ன செய்தாலும் கேம் திறக்காது.

நடந்தவற்றைப் பாருங்கள். ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2022 முதல் ஸ்டீம் டெக்கில் நன்றாக இயங்கி வந்தது. ஏமாற்றுபவர்கள் லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனாளர்கள் அனைவரையும் நிறுவனம் தடுத்தது. ஜி.டி.ஏ. ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில் ஐ சேர்க்கப்பட்டது. லினக்ஸ் வசதி இயக்கப்படவில்லை. தனியாக விளையாடும் கதைப் பகுதி மட்டும் மிஞ்சியது. 2016-ல் வந்த பேட்டில்பீல்ட் 1 கேமுக்கு, 8 ஆண்டுகள் கழித்துப் புதிய ஆன்டி சீட் பொருத்தப்பட்டு அதுவும் ஸ்டீம் டெக்கில் நின்றது.

இங்கே கெட்டுப் போனது எது? புரோட்டான் அல்ல, லினக்ஸ் அல்ல, உங்கள் கையில் இருக்கும் கருவியும் அல்ல. விற்றவரின் மனம்தான் மாறியது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு

ஏமாற்றுபவர் ஒருவர் புகுந்தால் அந்த ஆட்டத்தில் உள்ள அனைவருக்கும் விளையாட்டு கெடுகிறது. லினக்ஸில் ஆன்டி சீட் கெர்னலுக்கு வெளியே நின்றுதான் கண்காணிக்கிறது. அதனால் அதன் பார்வை குறைவு என்பதும் உண்மை. ஆனால், கெர்னலுக்குள் அமர்ந்தும் விண்டோஸில் ஏமாற்று வேலை ஒழிந்துவிடவில்லையே! அந்த ஆழத்தில் அந்நிய சாப்ட்வேர் அமர்வதன் ஆபத்தை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு சாப்ட்வேரின் ஒரே ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது கேம் சாப்ட்வேர் அல்ல. ஆனால், அமர்ந்திருந்த இடம் அதே கெர்னல்தான்.

இது லினக்ஸ்காரர்களின் கவலை மட்டும் என்றும் ஒதுங்க வேண்டாம். 2025-ல் வந்த பேட்டில்பீல்ட் 6, விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் செக்யூர் பூட் இயக்கப்பட்டிருந்தால்தான் திறந்தது. கேம் விளையாட வந்தவர்கள் பயாஸ் செட்டிங்ஸைத் தேடி அலைந்தனர்.

என்ன செய்ய வேண்டும்?

ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமும் டெக்கில் இயங்குமா என்பதைக் காட்டும் குறியீடு உள்ளது: வெரிபைட், பிளேயபிள், அன்சப்போர்ட்டட், அன்னோன் என நான்கு நிலைகள். இது நல்ல வழிகாட்டி. ஆனால், இது சோதித்த நாளின் நிலை மட்டுமே. நாளைக்கான உத்தரவாதம் அல்ல. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸும் ஒரு காலத்தில் வெரிபைட் குறியீடு பெற்றதுதான். எனவே ஆன்லைன் கேம் வாங்கும் முன், அதில் எந்த ஆன்டி சீட் உள்ளது என்று பாருங்கள். கெர்னல் வகை ஆன்டி சீட் இருந்தால் விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஸ்டீம் விதி கொண்டு வந்துள்ளது. தனியாக விளையாடும் கேம்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

டெக்கில் விண்டோஸைப் போட்டுக் கொள்ளலாமே என்பார்கள். முடியும், டிரைவர்களை வால்வே தருகிறது. ஆனால், ஒரு பட்டனில் உறங்கி, ஒரு பட்டனில் விட்ட இடத்திலிருந்து எழும் வசதிக்காகத்தானே இதனை வாங்கினோம்? அந்த வசதி விண்டோஸில் அதே போல் கிடைக்காது.

பயனாளர் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்டீமில் வாங்கிய கேமை 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். இரண்டு ஆண்டுகள் விளையாடிய பின் கதவை மூடினால், இந்த விதி நமக்கு உதவாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அங்கே போய்த் தொடரலாம். டெக் மட்டுமே வைத்திருப்பவருக்குக் கேமும் போயிற்று, அதற்குள் வாங்கிய பொருட்களும் போயிற்று.

எனவே மூன்று கோரிக்கைகள் நியாயமானவை. ஒன்று, இயங்கிக் கொண்டிருந்த கருவியில் கேமை நிறுத்தினால், அந்தக் கருவியில் விளையாடி வந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டு, தனியாக விளையாடும் பகுதியை ஆன்டி சீட் தடுக்கக் கூடாது. மூன்று, நிறுத்தப் போவதைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ரேடியோ வாங்கியவரிடம், இரண்டு ஆண்டுகள் கழித்து வந்து, "உங்கள் வீட்டு பிளக்கில் இது இனி பாடாது" என்று கடைக்காரர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? கேம் வாங்கியவர்கள் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?