ஓவியம் படித்தவருக்குப் பாறை புரியாதா?

நிலவியல் முதுநிலைப் படிப்பில் சேர இளநிலையிலும் நிலவியலே படித்திருக்க வேண்டுமாம். நுண்கலை, இசை, காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) படித்தவர்கள் ஓராண்டு இணைப்புப் படிப்பை முடித்துச் சேரலாம் என்றிருந்த வழியை, விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கச் சுற்றறிக்கையால் நம் நிர்வாகத்தினர் அடைத்துவிட்டார்கள். அடிப்படை அறிவியல் போதாது என்பது காரணம். போதாது என்றுதானே இணைப்புப் படிப்பையே வைத்தார்கள்? வேதியியலும் கனிமவியலும் சொல்லிக்கொடுத்து, தேர்வில் தேறியவர்களைத்தானே சேர்த்தார்கள்?

பாறையைப் படிப்பது கண்ணில் தொடங்கும் வேலை. பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழை அரித்த ஓடைகளுக்குள் இறங்கினால், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணின் மேல் நிற்பீர்கள். அங்கே அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியின் சுருள் புதைபடிவம் ஒன்று கிடைத்தால், அதன் விலாவரிகள் எங்கே கிளைக்கின்றன, எங்கே தேய்ந்திருக்கின்றன என்று களக்குறிப்பேட்டில் வரைய வேண்டும். புகைப்படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே விழும். எது படுகை, எது வெடிப்பு, எது வெறும் நிழல் என்று பிரித்துக் காட்டுவது பென்சில். கோட்டோவியம் பழகிய கையோடு வருகிறவரைத்தான் இப்போது வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

கடலடியை வரைபடமாக்கிய அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் முதலில் படித்தது ஆங்கிலமும் இசையும். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட, மிச்சிகன் பல்கலைக்கழகம் நிலவியல் வகுப்பைப் பெண்களுக்குத் திறந்தது, அதில் நுழைந்தார். 1952இல், எதிரொலியால் அளந்த அட்லாண்டிக் ஆழங்களை வரைந்துகொண்டிருந்தவர், நடுக்கடல் மலைத்தொடரின் முதுகில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். பக்கத்து மேசையில் நிலநடுக்க மையங்களைக் குறித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் ஃபாஸ்டரும் பாஸ்டனில் நுண்கலை படித்தவர்தான். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது நிலநடுக்கங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக நின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றதில் அந்த மேசைகளுக்குப் பங்குண்டு. நம் சுற்றறிக்கைப்படி இருவருக்கும் இடமில்லை.

சுற்றறிக்கை விட்ட நிர்வாகத்தினரின் இத்தகைய முடிவுகள் நமக்குப் புதிதல்ல. பாறை மாதிரி அறையைப் பூட்டிக் கிடங்காக்கியவர்கள் இவர்கள். எழுதி ஒட்டிய சீட்டுகள் உதிர்ந்து, எந்தக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்ல இன்று ஆளில்லை. களப்பயணத்துக்கான பணத்தை வெட்டி, கரும்பலகையில் மடிப்பு மலை வரையச் சொன்னார்கள். ஆசிரியர் பணிக்கான அறிவிப்பில் நிலவியலையும் புவியியலையும் குழப்பி, நேர்காணலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நிலவியல் எது என்றே பிரித்தறியாதவர்கள், அதற்கு யார் தகுதியானவர் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்! வேலையை விட்டு, சேமிப்பைக் கரைத்து இணைப்புப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு என்ன பதில்? சுற்றறிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த முடிவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். பாடம் நடத்துகிறவர்களையும் படித்து வெளியேறியவர்களையும் அழைத்துப் பேசி ஏதேனும் ஒரு வழி காணட்டும். அதையும் சேர்க்கை முடிவதற்குள் செய்யட்டும்.