புத்தகம் போட யாரைப் பிடிப்பது?
திருவண்ணாமலையில் கதை, கவிதை எழுதும் நம் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. மேல்நாடுகளில் இலக்கிய முகவர் எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசுவார். வரும் தொகையில் பங்கு எடுப்பார். தமிழில் அந்த வழக்கம் அநேகமாக இல்லை. சிபாரிசுதான் உண்டு; சேரிப் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்?

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது பெரிய பதிப்பகத்தில் அல்ல, மதுரையின் ஒரு சமூக ஆய்வு மையத்தில். ஆங்கிலத்துக்கு அப்புறம்தான் போனது.

நம் ஊரிலேயே வம்சி புக்ஸ் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்கள் நூல் வெளியிட அரசு நிதியுதவியும் உண்டு. மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். அதற்குள் 'முன்பணம் கட்டு, அச்சடித்துத் தருகிறோம்' என்பவரிடம் அப்பாவின் கூலிக்காசைக் கொடுத்துவிடாதீர்கள்.