கமராவை யார் பக்கம் திருப்பி வைக்கிறோம்?

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சிகிச்சைக்கு அதை உடவலவைக்குத்தான் கொண்டுவந்தார்கள். தாயில்லாத யானைக் குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டுக்கு அனுப்பும் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறதே, அங்கே. எம்பிலிப்பிட்டியவில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். மே 29ஆம் திகதி அது செத்துப்போனது.

கருஞ்சிறுத்தை நம் மலைகளில் உயிரோடு நடமாடுவதை வனஜீவராசிகள் திணைக்களத்தின் தானியங்கிக் கமராக்கள் அதற்கு முன்னமே படம் பிடித்திருந்தன. ஆனா நாங்க அந்தப் படத்தைப் பார்த்தது அது செத்ததுக்குப் பிறகுதான். லயத்துக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் கமரா, கமராவுக்குள் சிறுத்தை. நடுவில் இருக்கிற சனத்துக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. எங்கள் கருத்து இதுதான்: இந்தக் கமரா தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும். ஆனால் வரும்போது சில கட்டுப்பாடுகளோடு வரவேண்டும்.

இது புது விஷயமில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் நூறு வருடத்துக்கு முன்பே, மிருகம் கம்பியைத் தட்டினால் தானாகப் படம் எடுக்கும்படி கமராவை வைத்தார். அந்தப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிரபிக்கில் வந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன் அதே வழியில் புலிகளைப் படம் பிடித்து 1927இல் புத்தகம் போட்டார். 1990களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் கமராப் படங்களில் வரிகளைப் பார்த்து ஒவ்வொரு புலியையும் பிரித்து எண்ணினார். வேலை செய்வதற்கு வெள்ளைக்கார அதிகாரியாகவோ விஞ்ஞானியாகவோ இருக்கவேண்டும் என்று கமரா கேட்பதில்லை. அது கேட்பது பெட்டரி மட்டும்தான்.

இறக்குவானைப் பக்கத் தோட்டம் ஒன்றில் அனுமதி வாங்கி, இரவல் கமரா ஒன்றை நாங்கள் கட்டிப் பார்த்தோம். முதல் வாரம் கார்டைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் படம். எல்லாம் மானாப் புல்! கமராவுக்குள் இருக்கும் சென்சர் சூட்டையும் அசைவையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலே அதற்குப் போதும், ‘ஏதோ வந்துட்டு’ என்று படம் எடுத்துத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு படித்துக்கொண்டது இவ்வளவு: முன்னால் உள்ள புல்லையும் கிளையையும் வெட்டிவிடணும். கிழக்கையோ மேற்கையோ நேரே பார்த்து வைக்கக்கூடாது, வெயில் முகத்தில் அடிக்கும். முழங்கால் உயரத்தில், ஆடாத மரத்தில், பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்டணும். பாதைக்கு நேர்குறுக்கே பார்க்காமல் கொஞ்சம் சரிவாக வைத்தால் மிருகம் படத்துக்குள் கூடுதல் நேரம் இருக்கும். திகதியையும் நேரத்தையும் சரிபார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். எங்கள் கமரா ஒரு வாரம் முழுக்க வேறு வருடத்தில் வாழ்ந்தது.

ரெண்டாவது வாரத்தில் முள்ளம்பன்றி, மரநாய், குட்டிகளோடு காட்டுப்பன்றி. சிறுத்தை வரவில்லை. வந்திருந்தால், அதன் உடம்புப் புள்ளிகளை வைத்து ‘இதே ஆள்தான் திரும்ப வந்தது’ என்று சொல்லலாம், கைரேகை மாதிரி. இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறு என்பதால், சரியாகச் செய்வதானால் பாதைக்கு இரண்டு பக்கமும் கமரா வேணும்.

ஆனா அந்த ரெண்டாவது வாரக் கார்டில் இன்னொன்றும் இருந்தது. விறகோடு போன ஒரு அக்கா. அடுத்த படத்தில் கொழுந்துக்கூடையோடு இன்னும் ரெண்டு பேர். அவர்களிடம் நாங்கள் கேட்கவே இல்லை. துரையிடம் கேட்டோம், கணக்கப்பிள்ளையிடம் சொன்னோம். அந்தப் பாதையில் தினமும் நடக்கிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கிட்டத்தில் கழிப்பறை இல்லாதபோது புதர் மறைவுதான் என்பது நமக்குத் தெரியாததா? இந்தியாவின் கோர்பெட் காட்டில் இதுதான் நடந்தது. மிருகங்களுக்கு வைத்த கமராவில் ஒதுங்கப் போன ஒரு பெண் பதிவாகி, அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அங்கே ஆய்வு செய்த த்ரிஷாந்த் சிம்லாயும் கிறிஸ் சாண்ட்புரூக்கும் 2024இல் எழுதினார்கள்: கமராவுக்குப் பயந்து பெண்கள் காட்டுக்குள் பாடுவதை, பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சத்தம் குறைந்தால் என்ன? திடீரென்று மிருகத்தின் முன்னால் போய் நிற்கிற ஆபத்துக் கூடும். மிருகத்துக்கும் மனுசருக்கும் மோதலைக் குறைக்க வைத்த கமரா அதையே கூட்டக்கூடும் என்றால், அதை யாருக்காக வைத்தோம்?

அந்தப் படங்களை அந்த அக்காமாருக்கு முன்னாலேயே அழித்தோம். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “பன்றிய புடிங்க தம்பி, எங்கள ஏன் புடிக்கிறீங்க?” என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களுக்கென்று சில விதிகள் போட்டுக்கொண்டோம். பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கமரா கட்டுவது. எங்கே வைக்கக்கூடாது என்பதைப் பெண்கள் தீர்மானிப்பது. கமரா உள்ள இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பு ஒட்டுவது. மனுசர் விழுந்த படத்தை அன்றைக்கே அழிப்பது. சிறுத்தை விழுந்தால் இடத்தைச் சொல்லி முகநூலில் போடாமல் இருப்பது, ஏனென்றால் அந்தப் பதிவை வேட்டைக்காரனும் பார்ப்பான்.

‘படம் எடுத்து என்ன கிழிக்கப் போறீங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கமரா சுருக்கை அவிழ்க்காது. லயத்து மரக்கறித் தோட்டத்தை ஒரே ராத்திரியில் பன்றி உழுதுவிட்டுப் போனால், அந்த வீட்டுக்கு நட்டஈடு தருவதற்கு ஆளில்லை. அதனால் கம்பி கட்டுகிறான். பன்றிக்குக் கட்டிய கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. சட்டம் சுருக்கைத் தடை செய்கிறது, சரி. பன்றிக்கு வழி சொல்லாமல் கம்பி கட்டியவனை மட்டும் பிடித்தால் அடுத்த கம்பி இன்னும் மறைவாகக் கட்டப்படும்.

அப்படியென்றால் கமரா எதற்கு? ‘புலி வந்துட்டு’ என்ற புரளியில் ஒரு தோட்டமே நடுங்கும்போது, வந்தது மரநாய் என்று காட்டுவதற்கு. உண்மையிலேயே சிறுத்தை வருகிறதென்றால், எந்த நேரத்தில், எந்தப் பாதையில் என்று சொல்லி, விடியக்காலையில் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாமல் இருப்பதற்கு. பன்றி எத்தனை, எங்கிருந்து வருகிறது என்ற கணக்கோடு நிர்வாகத்திடமும் திணைக்களத்திடமும் போய் நின்று, வேலி கேட்பதற்கு. வெறும் வாயால் சொன்னால் நம்பாதவர்கள் திகதியும் நேரமும் போட்ட படத்தைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அந்தக் கருஞ்சிறுத்தையின் படம் அது உயிரோடு இருந்தபோதே லயங்களுக்குள் வந்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்று எங்களால் சொல்லமுடியாது. ‘இது நம்ம மலையில திரியிற உசுரு’ என்று நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். அடுத்த முறை கமரா கட்டப் போகும்போது அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம். எந்த மரத்தில் கட்டணும் என்று அவர்தான் காட்டவேண்டும். பன்றி போற பாதை எங்களைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.