நெகட்டிவையும் கொண்டு வாருங்கள்

1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் 'கேமரா' மாத இதழ், வாசகர்கள் அனுப்பும் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டொமோன் கென்னிடம் ஒப்படைத்தது. பழைய பௌத்தக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து அப்போதே பெயர் பெற்றிருந்தவர் அவர். பரிசுக்குரியதைப் பொறுக்கிக் கொடுப்பதோடு அவர் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. எந்தப் படம் ஏன் தேறியது, எது எந்த இடத்தில் கோட்டை விட்டது என்று மாதந்தோறும் விரிவாக எழுதினார். ஆட்களை நிற்கவைத்து, ஏற்பாடு செய்து எடுத்த படங்களை அவர் ஏற்கவில்லை. தெருவில் நடப்பதை நடக்கும்போதே எடுக்கச் சொன்னார். அந்த இதழுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த மாணவர்களில் இருவர் தோமாட்சு ஷோமெய், கவாடா கிகுஜி. பிற்பாடு முதலாமவர் நாகசாகியின் அணுகுண்டுத் தழும்புகளையும், இரண்டாமவர் ஹிரோஷிமாவின் அணுகுண்டுக் குவிமாடச் சுவரின் கறைகளையும் உலகம் மறக்க முடியாத படங்களாக்கினார்கள்.

முகம் தெரியாத ஒரு மாணவரின் படத்தை, அவருக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருவர் நிதானமாகப் பார்த்து, காரணத்தோடு குறை சொன்னார். இன்று தமிழ்நாட்டில் ஃபிலிமில் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு மிகவும் தேவையானது இதுதான். அவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பதும் இதுதான்.

ஃபிலிம் திரும்பி வந்திருப்பது உண்மை. நிறுத்திவிட்ட எக்டாக்ரோம் சுருளைக் கோடாக் 2018இல் மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ், 36 படச் சுருளில் 72 படம் எடுக்கக்கூடிய புத்தம்புதிய கேமராவையே வெளியிட்டது. அப்பாவின் பீரோவில் கிடந்த யாஷிகா கேமராவைத் துடைத்து, பேட்டரி மாற்றி, மெரினாவுக்கும் மயிலாப்பூருக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால் செலவு லேசானதல்ல. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. இப்போது சுருள் இறக்குமதியாகித்தான் வர வேண்டும். அதன் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, வெளியூர் என்றால் கூரியர் என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறை ஷட்டரைத் தட்டும்போதும் கையிலிருந்து காசு போகிறது.

இவ்வளவு செலவு செய்து எடுத்தவருக்குக் கிடைப்பது என்ன? லேபிலிருந்து ஸ்கேன் ஃபோனுக்கு வருகிறது. முப்பத்தாறில் மூன்றைத் தேர்ந்து நண்பர்களுக்குக் காட்டுகிறார். "செம", "வேற லெவல்", "அந்த கிரெய்ன் இருக்கே!" என்று பதில் வருகிறது (ஃபிலிம் படத்தில் தெரியும் பொடித் துகள்கள்தான் கிரெய்ன்). ஃபிலிமில் எடுத்தது என்பதற்காகவே பாராட்டு விழுந்துவிடுகிறது. அன்போடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த சுருளை எப்படி எடுப்பது என்பது பற்றி அந்தப் பதில்களில் ஒரு சொல்கூட இல்லை.

கோளாறு பாராட்டுவதில் இல்லை, எதைப் பார்த்துப் பாராட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. ஸ்கேனை மட்டும் பார்த்து ஃபிலிம் படத்தை விமர்சிக்க முடியாது. லேபின் ஸ்கேனர் இருண்டதை வெளிறச் செய்கிறது, நிறத்தைச் சமன் செய்கிறது, தூசியைத் துடைக்கிறது. "நிறம் பிரமாதம்" என்று சொல்பவர் பெரும்பாலும் அந்த இயந்திரத்தின் முடிவையோ, அதை இயக்கியவரின் முடிவையோ பாராட்டுகிறார். எடுத்தவர் என்ன செய்தார் என்பது நெகட்டிவில்தான் இருக்கிறது.

ஒரு 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது படங்களை அல்ல, ஓரத்தை. துளைகளை ஒட்டி நிறுவனத்தின் பெயரும் பட எண்களும் பொடி எழுத்தில் ஓடும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதிக்கப்பட்டவை. சுருளைக் கழுவும்போது படங்களோடு சேர்ந்து தோன்றுபவை. எடுத்தவரின் கை அவற்றில் படவே இல்லை. ஆகவே எழுத்துகள் பளிச்சென்று இருந்து, படங்கள் மட்டும் மங்கலாகக் கண்ணாடிபோல் இருந்தால், எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். எழுத்துகளும் சேர்ந்து வெளிறிக்கிடந்தால், கழுவியதில் கோளாறு: ரசாயனம் நீர்த்துப்போயிருக்கலாம், வெப்பம் குறைந்திருக்கலாம், நேரம் போதாமல் இருந்திருக்கலாம். வண்ண நெகட்டிவைக் கழுவும் வழக்கமான முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி வேலை செய்ய வேண்டும். அதில் தடுமாற அதிக இடமில்லை.

இந்த இரண்டு தவறும் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். நிழல்கள் சாம்பல் பூத்திருக்கும், கிரெய்ன் பொரிபொரியாக இருக்கும். ஒன்றுக்கு மருந்து ஒளி மீட்டரைச் சரியாகப் பார்ப்பது. மற்றொன்றுக்கு மருந்து லேபை மாற்றுவது, அல்லது வீட்டில் கழுவுகிறவர் தெர்மாமீட்டர் வாங்குவது. எது என்று தெரியாமல் "கொஞ்சம் டார்க்கா இருக்கு" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

வீட்டில் கருப்பு வெள்ளை கழுவுகிறவர்களுக்கு நெகட்டிவ் இன்னும் நிறையச் சொல்லும். பிறைநிலா வடிவில் சிறு கறை தெரிந்தால், இருட்டில் ரீலில் ஏற்றும்போது ஃபிலிம் மடங்கியிருக்கிறது. துளைகளிலிருந்து படத்துக்குள் கோடுகள் இறங்கினால் டேங்க்கைக் குலுக்கிய விதம் சரியில்லை. முழுச் சுருளும் கனத்துக் கறுத்திருந்தால் தண்ணீரின் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். டெவலப்பர் டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் வழக்கமாக 20 டிகிரிக்கு உரியது. சென்னையில் மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியை எட்டிவிடும். இதையெல்லாம் இன்னொரு ஜோடிக் கண் பார்த்துச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. தனியாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பல சுருள்கள் பாழாக வேண்டும்.

தொழில்நுட்பம் மட்டுமல்ல. முழுச் சுருளையும் மேஜையில் வைத்தால் எடுத்தவரின் மனம் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்பதும் தெரியும். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 'தி அமெரிக்கன்ஸ்' நூலுக்காக அமெரிக்கா முழுக்கச் சுற்றி 767 சுருள்கள் எடுத்தார்; 27,000க்கும் மேற்பட்ட படங்கள். நூலில் இடம்பெற்றவை 83. மீதியைப் பார்க்கிறவருக்குத்தான் அந்த 83 எப்படிப் பிறந்தன என்பது விளங்கும். பட்டினப்பாக்கத்தில் வலை இழுப்பவர்களை ஒருவர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுருளில் 11, 12, 13ஆம் படங்கள் மூன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. 14இல் கடல் மட்டும். "ஏன் தம்பி கிட்டப் போகலை? அவங்க திட்டுவாங்கன்னு பயமா, இல்ல லென்ஸ் போதும்னு நினைச்சீங்களா?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டால் அதுதான் விமர்சனம். தேர்ந்தெடுத்த ஒரு படத்தைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் தம் கான்டாக்ட் ஷீட்டுகளை, அதாவது முழுச் சுருளையும் ஒரே தாளில் அச்சிட்டவற்றை, பிறர் பார்ப்பதை விரும்பவில்லை என்று யாராவது நினைவூட்டலாம். அவர் தயங்கியது வெளியுலகத்துக்குக் காட்டத்தான். கற்றுக்கொள்கிறவர் நாலு நண்பர்களிடம் காட்டுவது வேறு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிறர் படங்களைப் பார்க்கும்போது அவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. கதையை மறந்துவிட்டுக் கோடுகளும் கனமும் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க அது எளிய வழி. எந்த நண்பர் குழுவும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

நம் ஊரில் புகைப்படச் சங்கங்களே இல்லை என்பதல்ல. உலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு 1950இலும், இந்தியக் கூட்டமைப்பு 1953இலும் தொடங்கப்பட்டன. அவற்றோடு இணைந்த சங்கங்கள் பல ஊர்களில் நல்ல பணி செய்துவருகின்றன. ஆனால் அவற்றின் உயிர்நாடியாகச் 'சலூன்' எனப்படும் போட்டிக் கண்காட்சி ஆகிவிட்டது. படம் சில விநாடிகள் திரையில் வருகிறது. நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். தேறியது அல்லது தேறவில்லை. இத்தனை படங்கள் தேறினால் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம். இந்த ஏற்பாடு உழைக்கத் தூண்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேறாத படம் ஏன் தேறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தேறிய படங்களைப் பார்த்து அதே மாதிரி எடுப்பதுதான் மிஞ்சும் ஒரே பாடம். ஒளிக்கற்றை விழும் சமையலறை, சுருக்கம் ஓடிய கிழவரின் முகம், சேற்றில் பாயும் கம்பளா எருமைகள் என்று ஆண்டுக்காண்டு அதே படங்கள் வந்துகொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாயால் பேசாமல் எழுதியே விமர்சிக்கும் ஒரு பழைய ஏற்பாடு பிரிட்டனில் உண்டு. அஞ்சல்வழிச் சங்கம் என்று அதைச் சொல்லலாம். உறுப்பினர்களின் பிரிண்ட்கள் ஒரு பெட்டியில் வீடு வீடாகத் தபாலில் பயணம் செய்யும். பெட்டி வந்ததும் மற்றவர் படங்களைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கருத்து எழுதி, தம் பழைய படத்தை அதற்கு வந்த குறிப்புகளோடு எடுத்துக்கொண்டு, புதிய படத்தை வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவசரம் இல்லை. எதிரில் ஆள் இல்லாததால் முகத்தாட்சண்யமும் இல்லை. நமக்கு இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். நம் கூட்டங்களில் 'சார்' எடுத்த படத்தைப் பற்றி இருபது வயதுக்காரர் வாய் திறக்க மாட்டார். திறந்தால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று தயங்குவார். பெயரை மறைத்துப் பிரிண்ட்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிவைக்கும் முறை வந்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

பொழுதுபோக்குக்காரர்கள் இப்படிப் பேசிப் பேசியே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு பிரேசில் சாட்சி. சாவோ பாவுலோவில் 1939இல் தொடங்கிய ஃபோட்டோ சினி கிளப் பண்டெய்ரான்டி சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்தவர்கள். மாதப் போட்டி நடத்தி, படங்களை அலசி, சொந்தமாக இதழும் கொண்டுவந்தார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939இல் தப்பிவந்து, கணவரோடு சேர்ந்து தொப்பிகளுக்கான செயற்கைப் பூக்கள் செய்து பிழைத்த கெர்ட்ரூட்ஸ் அல்ட்ஷூல், 1950களில் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். பப்பாளி இலையின் நரம்புகளைக் கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த படம் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021இல் அந்த அருங்காட்சியகம் இச்சங்கத்தினரின் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது.

சென்னைக்கும் இதில் பழைய பந்தம் உண்டு. 1855இல் மதராஸில் நடந்த பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 68 படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றைத் தனியாகப் பாராட்டியது. அந்நகரின் கலைப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியில் அடுத்த சில ஆண்டுகளுக்குள் மதராஸ் புகைப்படச் சங்கம் உருவானது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கியவரும் இதே ட்ரைப்தான். அவருடைய காகித நெகட்டிவ்கள் பல இன்னும் இருக்கின்றன. சில படங்களின் வானத்தில் தெரியும் மேகங்களை அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி உண்டாக்கியிருக்கிறார் என்பது அவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

விமர்சனத்தில் ஆபத்தும் இருக்கிறது. டொமோன் கென்னுக்கு எது பிடிக்கும் என்று புரிந்துகொண்ட வாசகர்கள், தெருவோரப் பிச்சைக்காரர்களையும் அனாதைச் சிறுவர்களையும் எடுத்து இதழுக்குக் குவித்தார்கள். 'பிச்சைக்காரப் படங்கள்' என்று மற்றவர்கள் அதைப் பழித்தார்கள். 1950களின் நடுவில், இந்தப் போக்கின் முதல் கட்டம் முடிந்தது என்று டொமோனே சொல்ல வேண்டிவந்தது. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒரே ஒருவரை உட்காரவைத்தால் இதுதான் நடக்கும். மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வேண்டும். அவர்களில் ஃபிலிமே தொட்டிராத ஒருவரும் இருப்பது நல்லது. கிரெய்னிலும் கேமரா பெயரிலும் மயங்காமல், இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடியவர் அவர்தான்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரை வைத்த ஒரு டேப்லெட் லைட் டேபிளாகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, ஒரு கட்டுத் தாள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாவட்ட நூலகங்களிலும், காட்சித் தொடர்பியல் துறை இருக்கும் கல்லூரிகளிலும் இடம் கேட்டுப் பார்க்கலாம். சங்கங்கள் சலூன் நடத்தட்டும். அதோடு இந்த ஒரு மாலையையும் ஒதுக்கட்டும். வருகிறவர் முழுச் சுருளோடு வர வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். ஸ்கேன் கைக்கு வந்ததும் நெகட்டிவை லேபிலேயே விட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கழுவக் கொடுக்கும்போதே திருப்பித் தரச் சொல்லிவிட வேண்டும்; ஆறாறு படமாக நறுக்கி, உறையில் போட்டு, தேதி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.