பிரிண்ட் ஸ்கிரீன் எங்கே போச்சு?

நெய்யூரிலோ திங்கள்சந்தையிலோ ஒரு இ-சேவைக் கடையில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள், ஸ்கிரீன்ஷாட் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று விளங்கும். விண்ணப்ப எண், பணம் போன ரசீது, பாதியில் நின்றுபோன பக்கம் எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி. "மக்களே, இன்னும் ஆவலியா?" என்று வருமானச் சான்றிதழுக்கு வந்த அக்கா கேட்டுக்கொண்டிருக்க, கடைக்காரத் தம்பியின் விரல் கீபோர்டின் வலது மேல்மூலையில் உள்ள பிரிண்ட் ஸ்கிரீன் கீக்குப் பார்க்காமலே போகும். அடுத்த நொடி பெயின்டில் ஒட்டி, வெட்டி, வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவான்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. பலரும் 11-க்கு மாறினார்கள். 2023-இல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு அங்கே பிரிண்ட் ஸ்கிரீனின் வேலை வேறு. தட்டினால் முழுத்திரை கிளிப்போர்டுக்குப் போகாது. திரை மங்கி, எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்டு ஸ்னிப்பிங் டூல் வந்து நிற்கும். உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை முன்பே பார்த்தாயிற்று. 2022 ஏப்ரலில் வந்த 22.04-இல் க்னோம் 42 டெஸ்க்டாப் இருந்தது. அதுவரை தட்டியதும் சேமித்துவிட்டுப் பேசாமல் இருந்த கீ, அன்று முதல் ஒரு பெட்டியைத் திறந்து விசாரிக்க ஆரம்பித்தது.

இந்த கீ எப்போதும் ஒரே வேலை செய்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஷிஃப்டோடு சேர்த்து இதை அமுக்கினால் திரையில் உள்ள எழுத்துகள் நேரே பிரிண்டருக்குப் போகும். விண்டோஸ் வந்த பிறகுதான் கிளிப்போர்டு. ஒரு ஓரத்தை மட்டும் வெட்டி எடுக்க நினைப்பவருக்குப் புது முறை வசதியானதே. எனக்கு வருத்தம், பழைய வழக்கத்துக்குத் திரும்பும் சுவிட்சைக் கொண்டுபோய் வைத்த இடம்தான். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு. ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி யார் அங்கே போவார்? அங்கே பிரிண்ட் ஸ்கிரீன் கீ பற்றிய வரியை அணைத்தால் கிளிப்போர்டு திரும்பிவிடும். பகுதி வேண்டும்போது விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கலாம்.

பழகிய விரலுக்கு மரியாதை கொடுத்த முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. தட்டச்சுப் பள்ளியில் பழகி வந்தவர்கள் அதற்காகத் தங்கள் டைப்ரைட்டர் அமைப்பை விட்டுவிடவில்லை. மென்பொருள் எழுதியவர்களும் இரண்டையும் வைத்தார்கள். எது வேண்டும் என்பதை அடிப்பவரே முடிவு செய்தார். டிடிபி கடைகளில் பழைய அமைப்பில் அடிக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

உபுண்டுவில் பழைய வழக்கத்துக்குத் திரும்பும் வேலை சுலபம். செட்டிங்ஸ், கீபோர்டு, ஷார்ட்கட்ஸ், ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று போனால் முழுத்திரைப் படத்துக்கு ஷிஃப்டும் பிரிண்டும் என்று இருக்கும். அந்த வரியைத் தொட்டு பிரிண்ட் கீயை மட்டும் அமுக்குங்கள். ஏற்கெனவே வேறு வேலைக்கு இருக்கிறதே, மாற்றவா என்று கேட்கும். மாற்று என்று சொல்லிவிடலாம். ஃபிளேம்ஷாட் போன்ற தனிச் செயலியை அந்த கீயில் கட்டி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு முடிச்சு. 22.04 பெரும்பாலும் வேலேண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடுகிறது. பழைய எக்ஸ் முறையில் எந்தச் செயலியும் திரையைக் கேட்காமல் படித்துவிடலாம். வேலேண்டில் அது நடக்காது, அனுமதி வேண்டும். வங்கிப் பக்கம் திறந்திருக்கிற கணினியில் அந்தக் கெடுபிடி இருப்பது நல்லது என்பேன். படம் கறுப்பாக வந்தால் கீயை மறுபடி மறுபடி மாற்றிப் பார்க்க வேண்டாம். செயலியின் புதிய பதிப்பைப் போட்டு, முதல் தடவை கேட்கும் அனுமதியைக் கொடுத்துப் பாருங்கள்.